ஓடிப்போன ஆற்றை மண்ணிலும் விதையிலும் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருவக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வக்ரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள். கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் கல்மரப் பூங்கா இருக்கிறது. செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடக்கும். தட்டிப் பார்த்தால் கல். சில மரங்கள் 15 மீட்டர் நீளம்கூட இருக்கும். சோன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781லேயே இவற்றைக் குறித்து வைத்தார். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள்.

மாணவனாக முதல்முறை அங்கே போனபோது, "இந்த இடத்தில் பெரிய காடு இருந்திருக்கிறது" என்று என் நோட்டில் எழுதினேன். பக்கத்தில் நின்ற ஆசிரியர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேர் எங்கே தம்பி?"

சுற்றிப் பார்த்தேன். எந்த மரத்துக்கும் வேர் இல்லை. கிளை இல்லை, பட்டை இல்லை, இலையும் இல்லை. மேலே எங்கோ இருந்த காட்டிலிருந்து வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து, வழியெல்லாம் கிளையும் பட்டையும் உரிந்து, மணலில் புதைத்துவிட்டுப் போன மரங்கள் அவை. நான் காடு என்று எழுதிய இடம் ஆறு. காடு இருந்தது உண்மைதான், ஆனால் வேறு எங்கோ.

அங்கிருந்து தெற்கே நெய்வேலியில் கதை வேறு. அங்கே மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, சதுப்பில் சேர்ந்து மக்கி அமுங்கிய தாவரம். இரண்டுமே செடி கொடி மரங்களின் மிச்சம். ஒன்று ஓடும் தண்ணீரைச் சொல்கிறது, இன்னொன்று நின்ற தண்ணீரை.

பழைய ஆற்றுச் சூழலை மீட்டெடுக்க எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. ஆனால் கையில் கிடைக்கும் ஒவ்வொரு விதையிடமும் கரித்துண்டிடமும் மகரந்தத் துகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீ இங்கேயே வளர்ந்தாயா, ஆறு கொண்டு வந்து போட்டதா? அதற்குப் பதில் பெரும்பாலும் அந்தத் தாவரத்திடம் இருக்காது, அதைச் சுற்றியிருக்கும் மண்ணில் இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மண்ணையும் தாவரத்தையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்கவில்லை. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், சொந்த ஊரின் ஆறு எங்கே ஓடியது என்று தேடுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. இடத்துக்கு முன்னால் கேள்வி

"இந்த ஆறு பழங்காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டுக்கொண்டு களத்தில் இறங்கினால் மூட்டை மூட்டையாக மண் சேரும், பதில் சேராது. கேள்வியைச் சிறிதாக்குங்கள். இங்கே ஆறே ஓடியதா, வெள்ளம் மட்டும் வந்து போனதா? ஒரே தடமாக ஓடியதா, பல கிளையாகப் பிரிந்ததா? கோடையிலும் தண்ணீர் நின்றதா? எப்போது விலகிப் போனது? இதில் ஒன்றைப் பிடித்தால் ஒரு பருவத்துக்கு வேலை இருக்கும்.

அப்புறம் வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இஸ்ரோவின் புவன் தளத்திலும் கூகுள் எர்த்திலும் இது இலவசம். வயல்வரப்புகள் காரணமில்லாமல் வில்லாக வளைவது, பிறை வடிவக் குட்டைகள், சங்கிலி போல வரிசையாக வரும் ஏரிகள், சுற்றிலும் களிமண்ணாக இருக்க நடுவில் நீண்டு போகும் மணல் திட்டு, இவையெல்லாம் பழைய தடத்தின் அடையாளம். பாலாற்றின் பழைய தடம் வடக்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் போவதைப் படத்தில் பார்க்கலாம்.

ஊர்ப்பெயரையும் விடாதீர்கள். துருத்தி என்றால் ஆற்று நடுவில் உள்ள திட்டு. குத்தாலத்தின் பழைய பெயர் திருத்துருத்தி. திருவையாற்றுப் பக்கம் திருப்பூந்துருத்தி இருக்கிறது. பெயர் மட்டுமே ஆதாரம் ஆகிவிடாது, ஆனால் எங்கே தோண்டலாம் என்று கைகாட்டும். பெயரைவிட நல்ல வழிகாட்டிகள் கிணறு வெட்டுகிறவர்களும் போர் போடுகிறவர்களும். "பதினெட்டு அடியில குருமணல் வந்துச்சு, கூடவே கறுப்பா மக்கின கட்டை வந்துச்சு" என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேளுங்கள். ஆழத்தை அவர்கள் சொல்லும் அளவிலேயே எழுதிக்கொண்டு பிறகு மீட்டருக்கு மாற்றுங்கள்.

மண்ணடுக்கு தெரியும் இடங்கள் ஊரைச் சுற்றி நிறைய இருக்கின்றன: வெள்ளம் அறுத்த ஆற்றங்கரை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, புதிதாக வெட்டும் கிணறு, அஸ்திவாரப் பள்ளம். நிலத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் கை வைக்கவே கூடாது. திருவக்கரையில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் இடுப்புக்கு மேல் ஆழமான குழியில், முட்டுக் கொடுக்காத செங்குத்துச் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். மணல் சுவர் சரியும்போது சத்தம் கொடுக்காது. தனியாகவும் போகாதீர்கள்.

2. முகத்தைச் சீவுதல்

வெயிலும் மழையும் பட்ட சுவர் பொய் சொல்லும். மேலிருந்து வழிந்த மண் எல்லா அடுக்கையும் ஒரே நிறமாக மெழுகியிருக்கும். மண்வெட்டியால் 30 சென்டிமீட்டராவது உள்ளே வெட்டிவிட்டு, கொத்தனார் கரணையால் மேலிருந்து கீழாகச் சீவுங்கள்.

சீவி முடித்ததும் உடனே எழுத ஆரம்பிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்துவிட்டு நிழலில் கால் மணி நேரம் காத்திருங்கள். மணல் சீக்கிரம் காய்ந்து வெளுக்கும், களி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகவே நிற்கும். அதுவரை கண்ணுக்கே தெரியாத கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். நூலளவு மணல், நூலளவு களி, மறுபடி மணல். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்தக் கால் மணி நேரம் சலிக்கவில்லை.

டேப்பைத் தொங்கவிட்டு, அளவுகோலுடன் போட்டோ எடுங்கள். ஆனால் போட்டோவை நம்பி வரையாமல் விடாதீர்கள். கையால் வரையும்போதுதான் "இந்தக் கோடு நேராக முடிகிறதா, கீழே இருப்பதை அறுத்துக்கொண்டு போகிறதா?" என்று கண் கேட்கும்.

3. அடுக்கை வாசித்தல்

ஆற்றுக்கு ஒரு எளிய விதி உண்டு: வேகம் இருக்கும்போது பெரியதைச் சுமக்கும், வேகம் குறையும்போது பெரியதை முதலில் இறக்கிவைக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சரளை. அதிலிருந்து 0.063 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.004 வரை வண்டல். அதற்கும் கீழே களி. களத்தில் இதை அளக்கக் கருவி வேண்டாம். ஈரமண்ணை விரலிடுக்கில் நாடாவாக இழுங்கள். உடையாமல் நீண்டால் களி, சட்டென்று அறுந்தால் வண்டல் அல்லது மணல். வண்டலா களியா என்ற சந்தேகம் வந்தால், துளி மண்ணை முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள் எங்கள் தொழிலில். நறநறத்தால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. சாக்கடை கலக்கும் ஆற்றங்கரையில் இதைச் செய்ய வேண்டாம். வீட்டில் கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் சிட்டிகை சலவை சோடாவும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்காரும், வண்டலுக்குச் சில மணி நேரம், களிக்கு நாள் கணக்கு.

இனி அடுக்குகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன என்று பாருங்கள்.

அடியில் ஒரு அறுப்புக்கோடு, அதன்மேல் சரளை, உடைந்த ஓடு, கரை சரிந்து உருண்ட களிமண் உருண்டைகள். அதற்கு மேல் குருமணல், பிறகு பொடிமணல், கடைசியில் வண்டலும் களியும். கீழிருந்து மேலாக இப்படிச் சன்னமாகிக்கொண்டே போனால், வளைந்து ஓடிய ஆறு தன் உள்வளைவில் மணலைச் சேர்த்துக்கொண்டே நகர்ந்து போயிருக்கிறது. இந்த முழு அடுக்கின் தடிமன், கரை நிரம்ப ஓடியபோது ஆற்றுக்கு இருந்த ஆழத்துக்கு ஏறக்குறைய சமம். 3 மீட்டர் அடுக்கு என்றால் சுமார் 3 மீட்டர் ஆழம். ஒரு டேப்பை வைத்துக்கொண்டு, காணாமல் போன ஆற்றின் ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

களியே இல்லாமல் மணலும் சரளையும் மாறி மாறி ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு கிடந்தால், பல கிளையாகப் பின்னி ஓடிய ஆறு. மெல்லிய வண்டல் தகடுகள் அடுக்கடுக்காக, நடுநடுவே வேர்த்துளைகளும் வெடிப்புகளும் சுக்கான் கற்களுமாக (மண்ணுக்குள் உருளும் சுண்ணாம்பு முடிச்சுகள்) இருந்தால், அது கரைக்கு வெளியே வெள்ளம் பரவிய சமவெளி. சுக்கான் இருந்தால் அந்த நிலம் நெடுங்காலம் வெயிலில் காய்ந்து நின்றிருக்கிறது. கிண்ணம் போல நடுவில் தடித்து ஓரங்களில் மெலியும் கருஞ்சாம்பல் களி கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். ஆறு கைவிட்டுப்போன வளைவு அது. வெள்ளம் வரும்போது மட்டும் சேறு உள்ளே வரும், மற்ற நாளெல்லாம் தண்ணீர் அசையாமல் நிற்கும். தாவரங்களுக்கு இதைவிட நல்ல பெட்டகம் ஆற்றில் கிடையாது.

திசையும் மண்ணிலேயே இருக்கிறது. மணலில் சாய்ந்து வரும் உள்கோடுகள், நீரோட்டம் போன பக்கம் கீழிறங்கும். தட்டையான கூழாங்கற்கள் சரிந்து அடுக்கியிருந்தால், அவற்றின் சாய்வு நீர் வந்த பக்கம் பார்க்கும். இரண்டும் எதிரெதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள். காம்பஸில் ஒரு அளவு எடுத்துவிட்டுத் திசை சொல்லக் கூடாது. இருபது முப்பது அளவாவது வேண்டும், ஏனென்றால் வளைந்து ஓடும் ஆற்றில் ஓர் இடத்துத் தண்ணீர், ஆறு மொத்தமாகப் போகிற திசைக்கு நேர் குறுக்கேகூட ஓடும்.

நிறத்தையும் எழுதுங்கள். செம்மஞ்சள் என்றால் காற்று பட்ட மண், நீலச்சாம்பல் என்றால் தண்ணீருக்குள் மூச்சில்லாமல் கிடந்த மண், சாம்பலில் துரு நிறப் புள்ளிகள் என்றால் நீர்மட்டம் ஏறி இறங்கியிருக்கிறது. இது தாவரம் தேடுகிறவர்களுக்கு நேரடியாக உதவும் தகவல். செம்மஞ்சள் மண்ணில் இலையும் மகரந்தமும் பெரும்பாலும் அழிந்திருக்கும். கரியும், செடிகளுக்குள் உருவாகும் கண்ணாடித் துகளும்தான் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) மிஞ்சும். நீலச்சாம்பலில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கலாம்.

மணலே எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்பதற்கும் வழி உண்டு, ஆனால் அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டும். ராஜஸ்தானில் காளிபங்கன் பக்கம், வறண்டு கிடக்கும் கக்கர் ஆற்றுத் தடத்தில் துளையிட்டு எடுத்த மணலில் சிர்க்கான், மைக்கா என்ற கனிமத் துகள்களின் வயதைப் பார்த்தார்கள். அது சட்லெஜ் கொண்டுவந்த மணல். அந்த ஆறு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து விலகிவிட்டது என்று 2017இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. அப்படியானால் சிந்துவெளி நகரங்கள் எழுந்தது ஓடிக்கொண்டிருந்த பேராற்றின் கரையில் இல்லை, அது விட்டுப்போன தடத்தின் ஓரத்தில். வரைபடத்தில் தெரியும் தடத்தின் அகலத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

4. மாதிரி எடுத்தல்

எப்போதும் கீழிருந்து மேலாக எடுங்கள். மேலிருந்து தொடங்கினால் உதிரும் மண் கீழடுக்கில் விழுந்து கலக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் கரணையைக் கழுவுங்கள். பையின்மேல் மார்க்கரால் எழுதினால் அழிந்துவிடும். பென்சிலால் சீட்டு எழுதி, அந்தச் சீட்டைச் சிறு பையிலிட்டு உள்ளே போடுங்கள். இடம், நாள், ஆழம், அடுக்கு எண், எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தும் இல்லாத மாதிரி வெறும் மண்.

அளவு, தேடும் பொருளைப் பொறுத்தது. மகரந்தத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஈரக்களியில் விதை தேட அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். காய்ந்த மண்ணில் கரிந்த விதை தேட இருபது லிட்டருக்குக் குறையாமல் வேண்டும்.

ஈரமாக எடுத்ததை ஈரமாகவே வையுங்கள். சாம்பல் களியைப் பிளந்தால் சில சமயம் இலை ஒன்று நேற்று விழுந்தது போல இளம்பழுப்பாக, நரம்பெல்லாம் தெரிய இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று பட்டுச் சில நிமிஷங்களில் கறுத்துவிடும். வெயிலில் விட்டால் சுருண்டு தூளாகும். அதனால் முதலில் போட்டோ, உடனே பிளாஸ்டிக் உறை, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ். ஃப்ரீசர் வேண்டாம், உறைந்தால் இழை கிழியும். கரித்துண்டுக்கு நேர்மாறு: நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். காலக்கணிப்புக்குப் போகும் துண்டை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பஞ்சிலோ டிஷ்யூ காகிதத்திலோ சுற்றினால் அந்த நாரின் கார்பனும் உள்ளே போகும்.

அதே நாளில் இன்னொரு வேலையும் செய்யுங்கள்: இன்றைய ஆற்று மணல், இன்றைய ஏரிச் சேறு, கரையோரத் தோப்பு மண், மூன்றிலும் ஒவ்வொரு பை. இன்றைய ஆறு எதைக் கொண்டு வருகிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியாமல் பழைய ஆற்றை வாசிக்க முடியாது. பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான்.

5. தாவரங்கள்

காய்ந்த மண்ணுக்கு வாளி முறை. பத்து லிட்டர் மண்ணை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மெல்லக் கிளறினால் கரிந்த விதையும் கரியும் மிதக்கும். அதைக் கால் மில்லிமீட்டர் சல்லடையிலோ மல் துணியிலோ வடித்து நிழலில் உலர்த்துங்கள். மிதப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஈரக்களியை அப்படிக் கிளறக் கூடாது. சமையல் சோடா கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, 2, 1, கால் மில்லிமீட்டர் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மெல்லிய நீரில் கழுவி எடுங்கள். குழாயை வேகமாகத் திறந்தால் இத்தனை காலம் தப்பித்த விதை உங்கள் கையில் உடையும்.

கிடைத்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீரோடு பரப்பி, லென்ஸில் பாருங்கள். முக்கோண முனையுள்ள, அல்லது அவரைப்பருப்பைச் சுருக்கியது போன்ற ஒரு மில்லிமீட்டர் கொட்டைகள் இருந்தால் கோரை. ஈரம் நிற்கும் நிலம். பக்கத்தில் அல்லி விதை இருந்தால் ஆழம் குறைந்த நின்ற நீர். திருகு வரியோடிய குட்டிச் சுண்ணாம்பு உருண்டைகள் சாரா என்ற நீர்ப்பாசியுடையவை. கலங்காத, ஓடாத தண்ணீரில்தான் அது வளரும். பெயர் தெரியாததற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். இன்றைய ஆற்றங்கரைச் செடிகளின் விதைகளைச் சேர்த்து உங்களுக்கென்று ஒரு பெட்டி தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் சிலதை டின்னில் மணலுக்குள் புதைத்துத் தீயில் கரித்து வையுங்கள், ஏனென்றால் கரிந்த விதை உப்பியும் வெடித்தும் ஆளே மாறியிருக்கும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் உலர்தாவரகம் போன்ற இடங்களில் முறையாக அனுமதி கேட்டு ஒப்பிடலாம்.

சரி, இப்போது அந்த ஆசிரியரின் கேள்விக்கு வருவோம்.

இலை முழுசாக, தட்டையாக, களியில் கிடந்தால் பக்கத்து மரத்தினுடையது. கிழிந்த துண்டுகளாக மணல் வரிகளில் கிடந்தால் தூரத்திலிருந்து வந்தது. கரித்துண்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அருகே தீ எரிந்திருக்கிறது. கூழாங்கல் போல மழுங்கியிருந்தால் உருண்டு வந்திருக்கிறது. மரத்தண்டுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால் நீரோட்டம் சீவி அடுக்கியவை. நிமிர்ந்து நிற்கும் அடிமரமும், அதிலிருந்து அடியிலுள்ள மண்ணுக்குள் இறங்கும் வேரும் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம், அது அங்கேயே வளர்ந்தது. ஓர் அடுக்கில் கோரை விதையும் கோரை வேர்த்தடமும் கோரையின் கண்ணாடித் துகளும் சேர்ந்து கிடைத்தால் அதுவும் அப்படியே. விதை மட்டும் மிதந்து வரலாம், வேர் மிதந்து வராது.

கண்ணாடித் துகள் என்றேன். பைட்டோலித் என்பது அதன் பெயர். நாணலும் கோரையும் விரலை அறுப்பது ஏன் தெரியுமா? செடி தண்ணீரோடு உறிஞ்சும் சிலிக்கா, இலையின் செல்களுக்குள் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. இலை மக்கினாலும் அந்தக் கண்ணாடி மக்காது, செல்லின் வடிவம் அப்படியே இருக்கும். நெல்லுக்கு விசிறி வடிவத் துகள், அதன் வளைந்த விளிம்பில் மீன் செதில் போன்ற வேலைப்பாடு. உமியில் இரட்டைக் கொம்புத் துகள். பனை, ஈச்சை வகையில் முள்ளுள்ள உருண்டைகள். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் நம் ஊர் ஆற்றுமண்ணில் மகரந்தம் அழிந்துபோன அடுக்குகளிலும் இது மிஞ்சும். அதனால் நம் ஆறுகளுக்கு மகரந்தத்துக்கு முன் பைட்டோலித்தைப் பாருங்கள் என்பது என் கருத்து.

மகரந்தத்தின் பலம் வேறு. ஐரோப்பாவின் பழைய காடுகளை அடுக்கடுக்காக எண்ணிக் காட்டிய முறை இது; ஸ்வீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஃபொன் போஸ்ட் 1916இல் இதை முதன்முதலில் விளக்கப்படமாக முன்வைத்தார். ஒவ்வொரு மாதிரியிலும் சுமார் 300 மகரந்தங்களை நுண்ணோக்கியில் எண்ணி, எது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். மண்ணிலிருந்து அவற்றைப் பிரிக்க ஹைட்ரோபுளோரிக் அமிலம் பயன்படும். தோலில் பட்டால் எலும்புவரை போகும் அமிலம் அது. பயிற்சியும் புகைப்போக்கி மேசையும் இல்லாத இடத்தில் இதை யாரும் முயலக் கூடாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வெப்பமண்டல மகரந்தங்களின் பெரிய ஒப்பீட்டுத் தொகுப்பு இருக்கிறது. லக்னோவிலுள்ள பீர்பல் சஹானி நிறுவனம் 1946இல் பழந்தாவர ஆய்வுக்கென்றே தொடங்கப்பட்டது. அவர்களிடம் போங்கள்.

ஆனால் ஆற்று மகரந்தத்தை ஏரி மகரந்தம் போல வாசித்துவிடாதீர்கள். காவிரி குடகு மலையில் பிறந்து வங்கக் கடல்வரை வருகிறது. மலைமரத்தின் மகரந்தம் தஞ்சாவூர்க் களியில் கிடைத்தால், தஞ்சாவூரில் மலைக்காடு இருந்தது என்று அர்த்தம் இல்லை. வெள்ளத்தோடு வந்த விருந்தாளி அது. அதே களியில் சுரபுன்னை மகரந்தம் நிறைய இருந்து, டயாட்டம் என்ற நுண்பாசிகளில் உப்புநீர் வகைகளும் இரண்டு ஓடும் மூடியபடி புதைந்த சிப்பிகளும் சேர்ந்திருந்தால் கதை வேறு. பிச்சாவரத்தில் இன்று பார்க்கிறோமே, அப்படியொரு அலையாத்திக் காடு அங்கே இருந்திருக்கிறது, கடல் அப்போது இன்னும் உள்ளே இருந்திருக்கிறது.

6. காலம்

கார்பன்-14 முறையின் அரைவாழ்வு 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அது பேசாது. எதை அனுப்புகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. பெரிய மரக்கட்டையின் நடுப்பகுதி, மரம் சாவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே வளர்ந்ததாக இருக்கலாம். அந்தக் கட்டை ஆற்றில் இரண்டாம் முறை கிளறப்பட்டும் வந்திருக்கலாம். நீருக்குள் வளரும் செடி, தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பின் பழைய கார்பனையும் எடுத்துக்கொள்வதால் வயதைக் கூட்டிக் காட்டும். எல்லாவற்றையும்விட நல்லது ஒரே பருவத்தில் விளைந்து முடியும் நிலத்தாவர விதை. பொருநைக் கரையோரச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று வந்தது 2021இல் அறிவிக்கப்பட்டதே, அந்தத் தேதியை நம்பிப் பேச முடிவது அது நெல் என்பதால்.

எனக்கு மிகவும் வலித்த தவறு இந்தப் படியில்தான். மூன்று மீட்டர் ஆழத்துக் களியிலிருந்து நான் அனுப்பிய கறுப்புத் துண்டுக்கு இன்றைய வயது வந்தது. கரி என்று நினைத்தது மேலிருந்து இறங்கி மக்கிய வேர். ஆண்டு முழுவதற்குமான பணம் அதில் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் லென்ஸில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். உள்ளே பளபளப்பும் மரத்தின் நுண்துளைகளும் தெரிந்தால் கரி, நார் நாராகக் கிழிந்தால் வேர்.

தாவரமே இல்லாத மணலுக்கு ஒளித்தூண்டல் முறை இருக்கிறது. குவார்ட்ஸ் மணல் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று அது சொல்லும். உலோகக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரு முனையையும் இருட்டாக மூடி எடுக்க வேண்டும். ஒரு கணம் வெயில் பட்டாலும் அந்த மணலின் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். வெள்ளத்தில் கலங்கி வந்த மணலுக்கு வழியில் போதிய வெளிச்சம் படாமல் போயிருக்கலாம், அப்போது வயது கூடிவரும். கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தலைமையேற்ற குழு, இடைப் பழைய கற்காலக் கருவிகளுக்குச் சுமார் 3,85,000 ஆண்டு என்று 2018இல் சொன்னதும் ஒளித்தூண்டலை வைத்துத்தான்.

அடுக்கின் வரிசைக்கு எதிராக வயது வந்தால், அதாவது மேலே பழையது கீழே புதியது என்றால், ஆய்வகத்தைக் குறை சொல்லும் முன் மண்ணைப் பாருங்கள். பழைய கரையை அறுத்த ஆறு, பழைய கரியைப் புதிய மணலின்மேல் வைத்திருக்கும்.

7. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தல்

ஒரு பெரிய சார்ட் தாளில் அடுக்கை வரையுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் எதிரே நீரின் வேகம், நீர் நின்ற காலம், இங்கேயே வளர்ந்தவை, வந்து சேர்ந்தவை, வயது என்று எழுதுங்கள். நடுவிலுள்ள அந்த இரண்டு கட்டங்களையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக்காதீர்கள். ஒரு குழியை வைத்து ஆற்றைச் சொல்லாதீர்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே குறைந்தது மூன்றாவது வேண்டும்.

இப்படிச் சேர்த்து வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே சிற்றாறுகள் உயரமான பழுப்பு மண் கரைகளுக்கு நடுவே ஒரே தடமாக வளைந்து ஓடும். இயற்கையான ஆறு என்றால் இப்படித்தான் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பகுதி ஓடைகளை அளந்தே பாடம் எழுதினார்கள். ராபர்ட் வால்ட்டர், டோரதி மெரிட்ஸ் என்ற நிலவியலாளர்கள் அந்தக் கரைகளைச் சீவிப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை சன்னமான வண்டல். ஓடும் ஆறு போடும் வரிசை அதில் இல்லை. அதன் அடியில் கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கும் கீழே சரளை. கறுப்பு அடுக்கைக் கழுவியபோது கோரை வகை விதைகளும் சதுப்புச் செடிகளின் விதைகளும் வந்தன. மேலேயுள்ள வண்டல், மாவு மில்களுக்காகக் கட்டிய சிறு அணைகளுக்குப் பின்னால் நின்ற தண்ணீரில் படிந்தது. 1840 கணக்கெடுப்பில் கிழக்கு அமெரிக்காவில் மட்டும் 65,000க்கு மேல் நீர்ச்சக்கர மில்கள் இருந்தன. அணை உடைந்தபின் ஓடை அந்தச் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கியதால்தான் உயரமான கரை. அதற்கு முன் அங்கே இருந்தது, கோரைக்கு நடுவே பல சிறு கிளைகளாகக் கசிந்து ஓடிய ஈரநிலம். 2008இல் இது வெளியானது. 2011இல் பிக் ஸ்பிரிங் ரன் என்ற ஓடையில் மேல்வண்டலை அள்ளி அப்புறப்படுத்தி, பழைய ஈரநிலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மண்ணை மட்டும் பார்த்திருந்தால் நின்ற தண்ணீர் என்பதோடு முடிந்திருக்கும். விதையை மட்டும் பார்த்திருந்தால், இந்தக் கோரை எங்கிருந்து வந்ததோ என்ற சந்தேகம் போயிருக்காது. கோரை வளரும் கறுப்பு மண்ணிலேயே கோரை விதை இருந்ததால் முடிவு நின்றது.

கடைசியாகச் சில வேலைகள். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் வேறொரு முறையில் பார்க்க அது வேண்டும். குழியின் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, படத்தின் ஒரு நகலை நிலத்துக்காரரிடம் கொடுங்கள். குழியை மூடும்போது அடியில் ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். நாளைக்குத் தோண்ட வருகிறவருக்கு நீங்கள் எதுவரை தொட்டீர்கள் என்று அது காட்டும்.